பனோரமாவில் லாக் வரவில்லையா? எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிக்கும் முறை

ஃபயர்வால் ஓடிக்கொண்டிருக்கிறது, பயனர்கள் இணையத்தில் இருக்கிறார்கள், ஆனால் மையக் கன்சோலில் மானிட்டர் பக்கத்தைத் திறந்தால் லாக் (ஃபயர்வால் எழுதும் நிகழ்வுப் பதிவு) ஒன்றுமில்லை. அல்லது நேற்று மாலை வரை லாக் இருக்கிறது, அதன்பிறகு இல்லை. நெட்வொர்க் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர் முதல் மாதத்திலேயே சந்திக்கக்கூடிய சிக்கல் இது. பாலோ ஆல்ட்டோ ஃபயர்வால்களையும் அவற்றை நிர்வகிக்கும் பனோரமாவையும் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. வேறு நிறுவனத்தின் கருவி வைத்திருப்பவருக்கும் தேடும் வரிசை பொருந்தும், மெனுப் பெயர்களும் கட்டளைகளும் மட்டும் மாறும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கருவியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் இருந்தால் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையையோ கேள்விக்குறியையோ அழுத்துங்கள், மீதியைக் கருவியே காட்டிவிடும்.

ஒரு லாக் கடக்கும் வழி

ஃபயர்வாலில் போக்குவரத்தைக் கடத்தும் பகுதியான டேட்டா பிளேன் ஒரு செஷனைக் (இரு முனைகளுக்கு இடையிலான ஓர் இணைப்பு) கையாள்கிறது. செஷன் முடிந்ததும், அந்த ரூலில் லாக் கேட்கப்பட்டிருந்தால் ஒரு பதிவு உருவாகிறது. அது கருவியை நிர்வகிக்கும் பகுதியான மேனேஜ்மென்ட் பிளேனில் உள்ள லாக் ரிசீவர் என்ற புராசஸுக்குப் போய், ஃபயர்வாலின் சொந்த டிஸ்க்கில் எழுதப்படுகிறது. பனோரமாவுக்கு அனுப்பும்படி சொல்லப்பட்டிருந்தால் டிசிபி 3978 போர்ட் வழியாக லாக் கலெக்டருக்கு (லாக்கை வாங்கிச் சேமிக்கும் பனோரமா அல்லது தனிக் கருவி) போகிறது. கலெக்டர் அதை வாங்கி, பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பி, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் இண்டெக்ஸ் (தேடுவதற்கேற்ற அட்டவணை) செய்கிறது. நீங்கள் மானிட்டர் பக்கத்தில் தேடும்போது பனோரமா அந்த இண்டெக்ஸைக் கேட்டுத்தான் வரிகளைக் காட்டுகிறது.

உருவாவது, உள்ளே எழுதப்படுவது, அனுப்பப்படுவது, வாங்கப்படுவது, இண்டெக்ஸ் ஆவது, காட்டப்படுவது என்று ஆறு இடங்கள். லாக் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் நிற்கிறது. எது என்று தெரியாமல் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட்டால் சில நேரம் சிக்கல் மறைந்துவிடும், ஆனால் ஏன் வந்தது என்பதற்கான தடயமும் அதோடு போய்விடும். அடுத்த வாரம் அதே புகார் வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படி 1: எது காணவில்லை என்று துல்லியமாகச் சொல்லுங்கள்

‘லாக் வரலை’ என்ற புகாரை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கீழே உள்ளவற்றில் எது உங்கள் நிலைமை என்று பாருங்கள்.

ஒரு ஃபயர்வாலிலிருந்து சிஸ்டம் லாக் வருகிறது, டிராஃபிக் லாக் மட்டும் இல்லை என்றால் இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு ரூலிலோ லாக் ஃபார்வர்டிங் புரொஃபைலிலோ இருக்கிறது. நேரே படி 3-க்குப் போகலாம். டிராஃபிக் வந்து சிஸ்டம், கான்ஃபிக் லாக் மட்டும் வரவில்லை என்றால் டிவைஸ் டேபில் உள்ள லாக் செட்டிங்ஸ் பக்கம்தான் இடம். அந்த வகை லாக்குகளுக்கு ரூலோடு தொடர்பே இல்லை, டெம்ப்ளேட் (பனோரமாவிலிருந்து பல ஃபயர்வால்களுக்குப் பொதுவாகக் கொடுக்கும் கருவி அமைப்பு) வழியாகத் தனியாக அமைக்க வேண்டும்.

ஒரே ஒரு ஃபயர்வாலிலிருந்து எந்த வகையும் வரவில்லை என்றால் இணைப்பையோ கலெக்டர் குரூப் (ஒன்றாக இயங்கும் கலெக்டர்களின் தொகுதி) பட்டியலையோ சந்தேகியுங்கள். எல்லா ஃபயர்வால்களும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தால் ஃபயர்வால் பக்கம் போகவே வேண்டாம், கலெக்டரைப் பாருங்கள். புதிய லாக் வந்து பழையது மட்டும் காணாமல் போயிருந்தால் அது டிஸ்க் ஒதுக்கீட்டுக் கணக்கு. ஒரு நிர்வாகிக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியவில்லை என்றால் அனுமதிச் சிக்கல்.

இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செலவழிக்காமல் நேராகப் பாக்கெட் கேப்ச்சருக்குப் போகிறவர்கள் பாதி நாளைத் தொலைக்கிறார்கள்.

படி 2: ஃபயர்வாலிலேயே லாக் இருக்கிறதா?

பனோரமாவில் உள்ள கான்டெக்ஸ்ட் தேர்வு வழியாகவோ நேரடியாகவோ அந்த ஃபயர்வாலின் சொந்த இணையப் பக்கத்துக்குப் போங்கள். மானிட்டர், லாக்ஸ், டிராஃபிக். அங்கே லாக் இருக்கிறதா?

சும்மா பார்ப்பதைவிட, நீங்களே ஒரு சோதனைச் செஷனை உண்டாக்கிப் பார்ப்பது நல்லது. அதற்கு பிங் வசதியானது. பாலோ ஆல்ட்டோ கருவிகளின் இயக்க மென்பொருளான பான்-ஓஎஸ்ஸில் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் நெறிமுறை) செஷனின் இயல்பான டைம்அவுட் 6 நொடி, யுடிபிக்கு 30 நொடி, டிசிபிக்கு 3600 நொடி. லாக் இயல்பாகச் செஷன் முடிவில்தான் எழுதப்படுகிறது என்பதால், பிங் அடித்து நிறுத்தினால் சில நொடிகளில் லாக் வந்துவிட வேண்டும். ஒழுங்காக மூடப்படாத டிசிபி இணைப்பாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

புதியவர்கள் ஏமாறுகிற இடமும் இதுதான். காலையில் தொடங்கிய பேக்கப் வேலையோ, தரவுத்தள இணைப்போ, நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஐபிசெக் டனலோ லாக்கில் தெரியாது, ஏனென்றால் அந்தச் செஷன் இன்னும் முடியவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மானிட்டரில் செஷன் பிரவுசரைத் திறங்கள். கட்டளை வரியில் ‘ஷோ செஷன் ஐடி’ என்று அடித்துச் செஷன் எண்ணைக் கொடுத்தால், வெளியீட்டில் ‘செஷன் டு பி லாக்ட் அட் எண்ட்’ என்ற வரி இருக்கும். அதில் ‘ட்ரூ’ என்றிருந்தால் காத்திருங்கள், முடிந்ததும் லாக் வரும். ‘ஃபால்ஸ்’ என்றிருந்தால் அந்த ரூலில் லாக் கேட்கப்படவே இல்லை.

செஷனே உருவாகாத பாக்கெட்டுகளும் உண்டு. ஜோன் புரொடெக்‌ஷனில் (ஜோன் எனப்படும் இன்டர்ஃபேஸ் குழுவைத் தாக்குதலிலிருந்து காக்கும் அமைப்பு) விழுந்தவை, ரூட் இல்லாதவை, சின் (இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்) இல்லாமல் நடுவழியில் வந்த டிசிபி பாக்கெட்டுகள் ஆகியவை பாதுகாப்பு ரூல்களை எட்டுவதற்கு முன்பே கைவிடப்படுகின்றன. இவற்றை டிராஃபிக் லாக்கில் தேடிப் பயனில்லை. ‘ஷோ கவுன்டர் குளோபல் ஃபில்டர் செவரிட்டி டிராப் டெல்டா யெஸ்’ என்ற கட்டளையை இரண்டு முறை ஓட்டினால், இடைப்பட்ட நேரத்தில் எந்தக் காரணத்தால் எத்தனை பாக்கெட் விழுந்தது என்று தெரியும்.

ஃபயர்வாலில் லாக் இல்லை என்றால் படி 3. இருக்கிறது, பனோரமாவில்தான் இல்லை என்றால் படி 3-இன் பிற்பகுதியில் உள்ள புரொஃபைல் பகுதியை மட்டும் சரிபார்த்துவிட்டுப் படி 4.

படி 3: ரூலும் புரொஃபைலும்

காணாமல் போகும் லாக்குகளில் பெரும்பங்கு இங்கேதான் தொலைகிறது என்பது எங்கள் கணிப்பு. வன்பொருள் கெட்டுப்போவது அபூர்வம், ஒரு தேர்வுப்பெட்டியை விட்டுவிடுவது அன்றாடம்.

முதலில் ரூல். பாலிசீஸ், செக்யூரிட்டி, குறிப்பிட்ட ரூல், ஆக்‌ஷன்ஸ் டேப். ‘லாக் அட் செஷன் எண்ட்’ தேர்வாகியிருக்க வேண்டும். புதிய ரூலில் இது தானாகவே தேர்வாகியிருக்கும், ஆனால் பழைய ரூல்களில் யாராவது லாக் அளவைக் குறைக்க எடுத்துவிட்டிருக்கலாம். ‘லாக் அட் செஷன் ஸ்டார்ட்’ என்பதை எல்லா ரூலிலும் போட்டுவைக்காதீர்கள். ஒரே செஷனுக்கு இரண்டு பதிவாகி டிஸ்க் வேகமாக நிரம்பும். சிக்கலைத் தேடும் நேரத்தில் ஒரு ரூலில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ரூல் பட்டியலின் அடியில் இருக்கும் இரண்டு இயல்பு ரூல்களையும் கவனியுங்கள். இன்ட்ராஜோன்-டிஃபால்ட் ஒரே ஜோனுக்குள் அனுமதிக்கிறது, இன்டர்ஜோன்-டிஃபால்ட் ஜோன்களுக்கு இடையே தடுக்கிறது. இரண்டுமே இயல்பாக லாக் எழுதாது. ‘தடுக்கப்பட்டது எதுவும் லாக்கில் தெரியவில்லையே’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. அந்த ரூலைத் தேர்ந்தெடுத்து ஓவர்ரைடு (இயல்பு அமைப்பை மாற்ற அனுமதிக்கும் தேர்வு) கொடுத்தால்தான் லாக் பெட்டியைத் தொட முடியும்.

அடுத்து, அச்சுறுத்தல் (திரெட்) லாக்கும் யுஆர்எல் லாக்கும். இவை ரூலால் வருபவை அல்ல, ரூலில் மாட்டிய பாதுகாப்பு புரொஃபைலால் வருபவை. புரொஃபைலே இல்லாத ரூலில் அச்சுறுத்தல் லாக் எதிர்பார்க்க முடியாது. யுஆர்எல் ஃபில்டரிங்கில் ஒரு பிரிவுக்கு ‘அலவ்’ என்று வைத்தால் அனுமதிக்கும், லாக் எழுதாது. ‘அலர்ட்’ என்று வைத்தால் அனுமதித்து லாக்கும் எழுதும். பயனர் எந்தத் தளத்துக்குப் போனார் என்று தணிக்கையில் கேட்பார்கள் என்றால் எல்லாப் பிரிவுகளும் குறைந்தது ‘அலர்ட்’ நிலையில் இருக்க வேண்டும்.

இப்போது அனுப்பும் பகுதி. ஆப்ஜெக்ட்ஸ், லாக் ஃபார்வர்டிங். அங்குள்ள புரொஃபைலில் டிராஃபிக், திரெட், யுஆர்எல், வைல்ட்ஃபயர் என்று ஒவ்வொரு லாக் வகைக்கும் தனி வரி வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பனோரமா என்று தொடங்கும் பெட்டி தேர்வாகியிருக்க வேண்டும். ஃபில்டர் ‘ஆல் லாக்ஸ்’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவர் முன்பு சிஸ்லாக் சர்வருக்கு ‘கிரிட்டிக்கல்’ மட்டும் அனுப்ப எழுதிய ஃபில்டர், பனோரமாவுக்குப் போவதையும் சேர்த்து வடிகட்டிவிடும். கண்ணில் எளிதில் படாத கோளாறு இது, ஏனென்றால் சில லாக்குகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

புரொஃபைல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ரூலின் ஆக்‌ஷன்ஸ் டேபிலும் அதை மாட்ட வேண்டும். புரொஃபைலுக்கு ‘டிஃபால்ட்’ என்றே ஆங்கிலச் சிறிய எழுத்தில் பெயர் வைத்தால், இனி உருவாக்கும் புதிய ரூல்களில் அது தானாக மாட்டிக்கொள்ளும். பழைய ரூல்களுக்கு இது பொருந்தாது. ரூல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ஆப்ஷன்ஸ் நெடுவரிசையை வரிசைப்படுத்திப் பார்த்தால் மாட்டாத ரூல்கள் தனியே தெரியும். நூற்றுக்கணக்கில் இருந்தால் இணையப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டாம். பனோரமாவின் கட்டளை வரியில் கான்ஃபிகர் நிலைக்குப் போய், ‘செட் டிவைஸ்-குரூப்’ என்று தொடங்கி, டிவைஸ் குரூப்பின் (ஒரே ரூல்களைப் பகிரும் ஃபயர்வால்களின் தொகுதி) பெயர், ‘ப்ரீ-ரூல்பேஸ் செக்யூரிட்டி ரூல்ஸ்’, ரூல் பெயர், ‘லாக்-செட்டிங்’, புரொஃபைல் பெயர் என்ற வரிசையில் ஒரு ரூலுக்கு ஒரு வரி வீதம் விரிதாளில் தயாரித்து ஒட்டிவிடலாம். போஸ்ட் ரூல்களுக்கு ‘போஸ்ட்-ரூல்பேஸ்’ என்று மாற்றுவதை மறக்காதீர்கள்.

மாற்றம் செய்தபின் பனோரமாவில் கமிட் கொடுத்தால் அது பனோரமாவோடு நின்றுவிடும். ‘புஷ் டு டிவைசஸ்’ கொடுத்தால்தான் ஃபயர்வாலுக்குப் போகும். போனதா என்று டாஸ்க்ஸ் பட்டியலில் பாருங்கள். ‘ஃபயர்வாலில் மாற்றமே தெரியவில்லை’ என்றால், அங்கே யாராவது உள்ளூரில் அதே அமைப்பை ஓவர்ரைடு செய்து வைத்திருக்கலாம்.

படி 4: அனுப்புகிறதா, ஒப்புகை வருகிறதா?

ஃபயர்வாலின் கட்டளை வரியில் இரண்டு கட்டளைகள்: ‘ஷோ பனோரமா-ஸ்டேட்டஸ்’, ‘ஷோ லாகிங்-ஸ்டேட்டஸ்’.

முதலாவது நிர்வாக இணைப்பைக் காட்டுகிறது. ‘கனெக்டட்: யெஸ்’ என்று வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். லாக் போகும் இணைப்பு வேறு. இரண்டும் 3978 போர்ட்டில்தான் ஓடுகின்றன, ஆனால் லாக் இணைப்பு கலெக்டரின் முகவரிக்குப் போகிறது. பனோரமாவில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் பார்த்து ‘இணைப்பில் சிக்கல் இல்லை’ என்று முடிவெடுத்துவிடுவது பரவலான தவறு.

இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு லாக் வகைக்கும் கடைசி லாக் உருவான நேரம், கடைசியாக அனுப்பிய நேரம், கடைசியாக அனுப்பிய வரிசை எண், கடைசியாக ஒப்புகை வந்த வரிசை எண், மொத்தம் அனுப்பியது என்று நெடுவரிசைகள் இருக்கும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

உருவான நேரம் நகர்கிறது, அனுப்பிய நேரம் நகரவில்லை என்றால், ஃபயர்வாலுக்கு அனுப்ப இடம் தெரியவில்லை, அல்லது இணைப்பு கிடைக்கவில்லை. அனுப்பிய எண் ஏறுகிறது, ஒப்புகை எண் நிற்கிறது என்றால் வழியில் பாக்கெட் விழுகிறது, அல்லது கலெக்டர் மூச்சுத்திணறுகிறது. இரண்டும் ஏறிக்கொண்டே இருந்தால் ஃபயர்வால் தன் வேலையைச் செய்துவிட்டது, படி 6-க்குப் போங்கள். உருவான நேரமே நகரவில்லை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

இதே வெளியீட்டில் ‘சிஎம்எஸ் 0’, ‘சிஎம்எஸ் 1’ (சிஎம்எஸ் என்பது பனோரமாவைக் குறிக்கும்) என்ற இரண்டு பகுதிகளில் ‘நாட் செண்டிங்’ என்று வரும். கலெக்டர் குரூப் பயன்படுத்தும் அமைப்பில் இது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி இணைப்பை அறுத்துவிடாதீர்கள். லாக் கலெக்‌ஷன் பகுதியில் ‘ஆக்டிவ் அண்ட் கனெக்டட்’ என்று ஒரு முகவரியோடு வருகிறதா என்பதுதான் முக்கியம்.

வரவில்லை என்றால், ‘ஷோ லாக்-கலெக்டர் ப்ரிஃபரன்ஸ்-லிஸ்ட்’. இந்த ஃபயர்வால் எந்தக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் இது. காலியாக இருந்தால் காரணம் பனோரமாவில் இருக்கிறது. அங்கே பனோரமா டேபில் கலெக்டர் குரூப்ஸ், உரிய குரூப், டிவைஸ் லாக் ஃபார்வர்டிங். அதில் ஃபயர்வாலின் சீரியல் எண் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்த்தபின் பனோரமாவில் கமிட், அதன்பிறகு புஷ் செய்யும்போது தேர்வுப் பக்கத்தில் உள்ள கலெக்டர் குரூப்ஸ் டேபையும் தேர்ந்தெடுக்க வேண்டும். டிவைஸ் குரூப்பை மட்டும் புஷ் செய்தால் இந்தப் பட்டியல் போய்ச் சேராது.

எச்ஏ ஜோடியில் (ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கும் அமைப்பு) இரண்டு ஃபயர்வால்களின் சீரியல் எண்களையும் சேர்த்தாக வேண்டும். ஆக்டிவாக இருப்பதை மட்டும் சேர்த்துவிட்டு மறந்துபோனால் மாதக்கணக்கில் எல்லாம் சரியாக ஓடும். ஒரு நாள் ஃபெயில்ஓவர் நடக்கும், அன்றிலிருந்து லாக் இருக்காது. அன்றைக்குத்தான் லாக்கும் தேவைப்படும். பழுதான கருவிக்கு மாற்றுக் கருவி வந்தாலும் சீரியல் எண் மாறுகிறது. பனோரமாவில் ‘ரிப்ளேஸ் டிவைஸ் ஓல்ட்’ பழைய எண், ‘நியூ’ புதிய எண் என்ற கட்டளையால் பழையதன் இடத்தில் புதியதை வைத்துவிட்டுக் கமிட், புஷ் செய்யுங்கள்.

இன்னொரு வாய்ப்பு: லாக்கை மேகத்துக்கு அனுப்பும் சேவையை யாராவது இயக்கியிருக்கலாம். கார்டெக்ஸ் டேட்டா லேக் என்று பெயரிருந்து இப்போது ஸ்ட்ராட்டா லாகிங் சர்வீஸ் எனப்படுவது அது. அதை இயக்கியதும் லாக் அங்கேதான் போகும். உள்ளூர்க் கலெக்டருக்கும் போக வேண்டும் என்றால் டூப்ளிகேட் லாகிங் என்ற தேர்வையும் சேர்த்துப் போட வேண்டும்.

படி 5: இணைப்புப் பாதை

கலெக்டர் முகவரி பட்டியலில் இருக்கிறது, ஆனால் இணைப்பு ஏற்படவில்லை. பார்க்க வேண்டியவை இவை.

3978 போர்ட் இடைவழியில் எங்கும் தடுக்கப்படக் கூடாது. வழியில் இன்னொரு பாலோ ஆல்ட்டோ ஃபயர்வால் இருந்தால் அதில் பனோரமா என்ற ஆப்-ஐடியை (ஃபயர்வால் செயலிகளை அடையாளம் காணும் பெயர்) அனுமதிக்க வேண்டும். எஸ்எஸ்எல் டிகிரிப்ஷன் செய்யும் கருவி குறுக்கே இருந்தால் இந்த இணைப்புக்கு விலக்கு கொடுங்கள். இரு பக்கமும் சான்றிதழைச் சரிபார்ப்பதால், நடுவில் யாராவது பிரித்துப் பார்த்தால் இணைப்பு அறுந்துவிடும். ஒரே குரூப்பில் பல கலெக்டர்கள் இருந்தால் அவற்றுக்கிடையே 28270 போர்ட்டும் திறந்திருக்க வேண்டும்.

பாக்கெட் போகிறதா என்று பார்க்க: ‘டிசிபிடம்ப் ஃபில்டர்’ என்று அடித்து மேற்கோள் குறிக்குள் ‘போர்ட் 3978’ கொடுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் கண்ட்ரோல்-சி, பிறகு ‘வியூ-பிகேப் மேனேஜ்மென்ட்-பிகேப்’ கட்டளை. இங்கே மேனேஜ்மென்ட் என்பதை எம், ஜி, எம், டி என்ற நான்கெழுத்துச் சுருக்கமாக அடிக்க வேண்டும். சின் மட்டும் திரும்பத் திரும்பப் போய்ப் பதில் வரவில்லை என்றால் வழியில் தடை. இந்தக் கேப்ச்சர் மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸை மட்டுமே பார்க்கும். சர்வீஸ் ரூட் (ஃபயர்வாலின் சொந்தப் போக்குவரத்து எந்த இன்டர்ஃபேஸில் வெளியேற வேண்டும் என்ற அமைப்பு) வைத்துப் பனோரமா இணைப்பை வேறு இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பியிருந்தால் இங்கே ஒன்றும் தெரியாது, அதையும் தடை என்று எண்ணிவிடாதீர்கள். டிவைஸ், செட்டப், சர்வீசஸ் பக்கத்தில் சர்வீஸ் ரூட் அமைப்பைப் பாருங்கள்.

கிளை அலுவலகத்தில் விபிஎன் டனல் வழியாகப் பனோரமாவை எட்டும் அமைப்பில் ஒரு தந்திரமான கோளாறு உண்டு. இணைப்பு ‘யெஸ்’ காட்டும், சிறிய செய்திகள் போகும், லாக் மட்டும் போகாது. காரணம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. நலம் விசாரிக்கும் சிறு பாக்கெட்டுகள் டனலில் நுழைந்துவிடும். லாக் கட்டுகள் 1500 பைட் முழு அளவில் கிளம்பி, டனலின் கூடுதல் தலைப்போடு சேர்ந்து இடம் கொள்ளாமல் விழுந்துவிடும். ‘பிங் டு-நாட்-ஃப்ராக்மென்ட் யெஸ் சைஸ் 1472 ஹோஸ்ட்’ என்று அடித்து முகவரி கொடுங்கள். 1472-உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500. பதில் வரவில்லை என்றால் 1400, 1350 என்று குறைத்து எது போகிறது என்று கண்டுபிடியுங்கள். போகிற அளவோடு 28-ஐக் கூட்டி மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸின் எம்டியுவாக வைத்தால் சிக்கல் தீரும். அந்த இடத்தில் 576 முதல் 1500 வரை கொடுக்கலாம்.

பதிப்பையும் சரிபாருங்கள். பனோரமாவின் பான்-ஓஎஸ் பதிப்பு ஃபயர்வாலின் பதிப்புக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அவசரமாக ஃபயர்வாலை மட்டும் மேம்படுத்திவிட்டுப் பனோரமாவை விட்டுவிட்டால் இணைந்திருப்பதுபோல் தோன்றிக்கொண்டே லாக் குழம்பும். 10.1 பதிப்பு முதல் புதிதாகச் சேர்க்கும் ஃபயர்வாலுக்குப் பனோரமாவில் உருவாக்கிய பதிவுச் சாவியும் தேவை. அது இல்லாமல் வெறும் முகவரி கொடுத்தால் இணைப்பே வராது.

படி 6: கலெக்டர் பக்கம்

முதல் கேள்வி: இந்தப் பனோரமா லாக் வாங்கும் நிலையில்தான் இருக்கிறதா? ‘ஷோ சிஸ்டம் இன்ஃபோ’வில் சிஸ்டம்-மோட் வரியைப் பாருங்கள். மேனேஜ்மென்ட்-ஒன்லி என்றிருந்தால் அது லாக்கை வைத்துக்கொள்ளாது, தனிக் கலெக்டர் வேண்டும். மெய்நிகர் கருவியாக நிறுவிய பனோரமாவில் 81 ஜிபி சிஸ்டம் டிஸ்க் மட்டும் இருந்தாலும் லாக்குக்கு இடமில்லை. லாக்குக்குத் தனியாக 2 டிபி டிஸ்க் சேர்க்க வேண்டும். அதிகபட்சம் 12 டிஸ்க், மொத்தம் 24 டிபி. டிஸ்க்கை ஹைப்பர்வைசரில் சேர்த்தால் மட்டும் ஆகாது, பனோரமாவில் மேனேஜ்டு கலெக்டர்ஸ் பக்கத்தில் டிஸ்க்ஸ் டேபிலும் சேர்த்து, கமிட் செய்து, கலெக்டர் குரூப்புக்குப் புஷ் செய்ய வேண்டும்.

லாக் வந்து விழுகிறதா என்பதை ‘டீபக் லாக்-கலெக்டர் லாக்-கலெக்‌ஷன்-ஸ்டேட்ஸ் ஷோ இன்கமிங்-லாக்ஸ்’ காட்டும். நொடிக்கு எத்தனை, எந்த வகை என்ற எண்ணிக்கை வரும். ஒரு குறிப்பிட்ட ஃபயர்வாலுக்கு ‘ஷோ லாகிங்-ஸ்டேட்டஸ் டிவைஸ்’ என்று அடித்துச் சீரியல் எண்ணைக் கொடுங்கள்.

வருகிறது, ஆனால் தேடினால் கிடைக்கவில்லை என்றால் ‘ஷோ லாக்-கலெக்டர்-இஎஸ்-கிளஸ்டர் ஹெல்த்’. பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் நகல்கள் இன்னும் முழுமையாகவில்லை, தேடல் வேலை செய்யும். சிவப்பு என்றால் சில பகுதிகள் கிடைக்கவில்லை, தேடல் பாதி விடை தரும் அல்லது எதுவும் தராது. ரீபூட் அல்லது பதிப்பு மேம்பாட்டுக்குப் பின் சிறிது நேரம் சிவப்பிலும் மஞ்சளிலும் இருப்பது இயல்பு. சேமித்துவைத்த லாக் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம் எடுக்கும். செயலில் உள்ள ஷார்டுகளின் (இண்டெக்ஸின் துண்டுகள்) சதவீதம் ஏறிக்கொண்டிருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். பொறுமை இழந்து மீண்டும் ரீபூட் செய்தால் அந்த வேலை முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு குரூப்பில் இரண்டே கலெக்டர்கள் வைப்பதைத் தவிர்க்கச் சொல்வோம். ஒன்று விழுந்தால் மற்றொன்றால் யார் தலைமை என்று முடிவு செய்ய முடியாமல் லாக் வாங்குவதே நின்றுபோகலாம். ஒன்று, இல்லையென்றால் மூன்று.

பழைய லாக் காணவில்லை என்ற புகாருக்கு டிஸ்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லாக் 500 பைட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 1000 லாக் என்பது நாளொன்றுக்கு 43.2 ஜிபி. 2 டிபி டிஸ்க் 46 நாளில் நிரம்பிவிடும், இண்டெக்ஸும் இடம் எடுப்பதால் உண்மையில் இன்னும் முன்பே. கலெக்டர் குரூப்பில் ரிடண்டன்சி இயக்கியிருந்தால் ஒவ்வொரு லாக்கும் இரண்டு பிரதி, நாள் கணக்கு பாதியாகும். ஒவ்வொரு லாக் வகைக்கும் எத்தனை சதவீத இடம், அதிகபட்சம் எத்தனை நாள் என்பது கலெக்டர் குரூப்பின் ஜெனரல் டேபில் லாக் ஸ்டோரேஜ் என்ற இணைப்பில் இருக்கிறது. டிராஃபிக்குக்கு ஒதுக்கியது நிரம்பினால் பழைய டிராஃபிக் லாக் அழியும், திரெட் லாக்கின் இடம் காலியாக இருந்தாலும் அது உதவாது.

படி 7: இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை

கடிகாரம். ஃபயர்வால், பனோரமா, கலெக்டர் மூன்றும் ஒரே என்டிபி (நேரத்தை ஒத்திசைக்கும்) சர்வரைப் பார்க்க வேண்டும். ஃபயர்வாலின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், ‘கடைசி 15 நிமிடம்’ என்ற தேர்வில் அதன் லாக் ஒன்றுகூட வராது. இந்தியாவில் இந்த ஐந்தரை மணி வித்தியாசத்தைக் கண்டால் யாரோ நேர மண்டலத்தைத் தவறாக அமைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஜெனரேட் டைம், ரிசீவ் டைம் இரண்டு நெடுவரிசைகளையும் திரையில் வைத்து ஒப்பிடுங்கள்.

பக்கத்தின் மேலே டிவைஸ் குரூப் ‘ஆல்’ என்று இருக்கிறதா, ஃபில்டர் பட்டையில் நேற்றைய தேடல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குக்கு அக்சஸ் டொமைன் (நிர்வாகி எதை மட்டும் பார்க்கலாம் என்ற எல்லை) வைத்திருந்தால் அந்த நிர்வாகிக்குத் தன் டிவைஸ் குரூப் மட்டும்தான் தெரியும். எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற புகார் என்றால் ரிப்பீட் கவுண்ட் நெடுவரிசையைத் திறங்கள். ஐந்து நொடிக்குள் வரும் ஒரே மாதிரிப் பதிவுகள் ஒரே வரியாகச் சேர்க்கப்பட்டு, எத்தனை முறை என்பது அங்கே எண்ணாக நிற்கும்.

விட்டுப்போனதை மீட்பது

இணைப்பு அறுந்திருந்த நேரத்து லாக் ஃபயர்வாலின் டிஸ்க்கில் காத்திருக்கும். இணைப்பு வந்ததும் கடைசி ஒப்புகைக்குப் பின்னிருந்து தானாக அனுப்பத் தொடங்கும். தொடங்கவில்லை என்றால் பனோரமாவின் கட்டளை வரியில் ‘ரிக்வெஸ்ட் லாக்-ஃபார்வர்டிங்-கண்ட்ரோல் டிவைஸ்’ சீரியல் எண், ‘ஆக்‌ஷன் ஸ்டார்ட்-ஃப்ரம்-லாஸ்ட்ஆக்’ கொடுங்கள். ஃபார்வர்டிங், கண்ட்ரோல் இரண்டும் கருவியில் சுருக்கெழுத்தாக இருக்கும், எல், ஓ, ஜி அடித்து டேப் போட்டால் வந்துவிடும். தேங்கியது நிறைய இருந்தால் பல மணி நேரம் ஆகும், அதுவரை புதிய லாக்கும் தாமதமாகவே தெரியும்.

ஃபயர்வாலின் சொந்த ஒதுக்கீடு நிரம்பி மேலெழுதப்பட்ட லாக் திரும்பாது. ‘ஷோ சிஸ்டம் லாக்டிபி-கோட்டா’வில் உள்ளூரில் எத்தனை நாள் லாக் நிற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். இணைப்பைச் சரிசெய்ய உங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான். ரூலில் லாக் பெட்டி எடுக்கப்பட்டிருந்த காலத்துக்கு எந்த வழியிலும் லாக் கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒப்புகை எண் நகராமல் நின்றால் ஃபயர்வாலில் ‘டீபக் சாஃப்ட்வேர் ரீஸ்டார்ட் புராசஸ் லாக்-ரிசீவர்’ கொடுக்கலாம். போக்குவரத்து பாதிக்காது. அதற்கு முன் ‘ஷோ லாகிங்-ஸ்டேட்டஸ்’, ‘டீபக் லாக்-ரிசீவர் ஸ்டாடிஸ்டிக்ஸ்’ இரண்டின் வெளியீட்டையும் நகலெடுத்து வையுங்கள். பின்னதில் நிராகரிக்கப்பட்ட லாக்குகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் லாக் உருவாகும் வேகத்துக்குக் கருவி ஈடுகொடுக்கவில்லை என்று பொருள், அதற்கு ரீஸ்டார்ட் மருந்தாகாது. உற்பத்தியாளரின் உதவிக்குழுவிடம் போவதென்றால் ஃபயர்வால், பனோரமா, கலெக்டர் மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுத்த டெக் சப்போர்ட் கோப்புகளோடு, லாக் நின்ற சரியான நேரத்தையும், அந்த நேரத்துக்குச் சற்று முன் நடந்த கமிட்டின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.